நிஷிகசாய் நிலையம்: டோக்கியோ புறநகர் ரயிலில் தினசரி போய்வருவதற்கான முழுமையான வழிகாட்டி

டோக்கியோவின் மையப் பகுதியிலிருந்து கிழக்கே வரும் தோசாய் தட ரயில், அகன்ற அரகவா ஆற்றைப் பாலத்தின் மேல் கடந்ததும் வருகிற முதல் நிலையம் நிஷிகசாய். 'நிஷி' என்றால் மேற்கு. கசாய் என்ற நிலையத்துக்கு மேற்கே இருப்பதால் இந்தப் பெயர் வந்தது. 1969-லேயே இந்த வழியாக ரயில் ஓடத் தொடங்கிவிட்டாலும், குடியிருப்புகள் பெருகிய பிறகு 1979 அக்டோபர் 1 அன்றுதான் இங்கே நிலையம் திறக்கப்பட்டது. சுற்றுலாப் பயணிகள் படம் எடுக்கும்படியான கட்டடம் அல்ல. மேம்பாலத்தின் மேல் இரண்டு தண்டவாளங்கள், அவற்றின் இரு புறமும் ஒவ்வொரு நடைமேடை, கீழே டிக்கெட் வாயிலும் கடைகளும், அவ்வளவுதான்.

ஆனால் ஜப்பானுக்கு வேலைக்கு வரும் தமிழர்களில் பலருக்கு இந்தச் சாதாரண நிலையமே முதல் நிலையமாக அமைந்துவிடுகிறது. 2000-ஆம் ஆண்டை ஒட்டிக் கணினிப் பணிக்கு வந்த இந்தியர்கள் எதோகவா வட்டத்தில், குறிப்பாக இந்த நிலையத்தைச் சுற்றி, குடியேறத் தொடங்கினார்கள். வங்கிகளும் நிதி நிறுவனங்களும் நிறைந்த ஒதேமாச்சி, நிஹோம்பாஷி, கயாபாச்சோ மூன்றுக்கும் இங்கிருந்து ரயில் மாறாமலே போய்விடலாம் என்பது ஒரு காரணம். ஜாமீன்தாரரும் 'ரெய்கின்' எனப்படும் திரும்பி வராத நன்றிப்பணமும் கேட்காத பொதுத்துறை வாடகைக் குடியிருப்புகள் நடந்துபோகும் தொலைவில் இருந்தது இன்னொரு காரணம். எனவே இந்த வழிகாட்டிக்கு நிஷிகசாயையே எடுத்துக்கொண்டிருக்கிறேன். இங்கே கற்றுக்கொள்வதில் பெரும்பகுதி டோக்கியோவின் எந்தப் புறநகர் நிலையத்துக்கும் செல்லும்.

தொடங்குமுன் ஒன்றை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். நகரின் நடுவே ரயில் ஏறுகிறவருக்கு "இந்த ரயில் எங்கே போகிறது?" என்று தெரிந்தால் போதும். புறநகரில் குடியிருப்பவருக்கோ "இந்த ரயில் என் ஊரில் நிற்குமா?" என்பதுதான் முதல் கேள்வி. நிஷிகசாயில் எல்லா ரயிலும் நிற்பதில்லை.

முதல் படி: தடத்தையும் எண்ணையும் தெரிந்துகொள்ளுதல்

தோசாய் தடத்தின் நிறம் வான்நீலம், எழுத்து 'டி'. மேற்கு முனையான நகானோவில் 1 என்று தொடங்கி, கிழக்கு முனையான நிஷிபுனாபாஷியில் 23 என்று முடியும்படி நிலையங்களுக்கு எண் கொடுத்திருக்கிறார்கள். மொத்த நீளம் 30.8 கிலோமீட்டர். நிஷிகசாயின் எண் 16. ஒதேமாச்சியின் எண் 9. ஆகவே ஒதேமாச்சி ஏழாவது நிறுத்தம். எண் இறங்கிக்கொண்டே வந்தால் நகருக்குள் போகிறீர்கள். ஏறிக்கொண்டே போனால் சிபா மாநிலத்தை நோக்கிப் போகிறீர்கள். ஜப்பானிய எழுத்து ஒன்றுகூடப் படிக்கத் தெரியாதவரும் இந்தக் கழித்தல் கணக்கை வைத்தே முதல் மாதத்தைத் தள்ளிவிடலாம். நானும் அப்படித்தான் தள்ளினேன்.

இதில் ஒரு சிறு சிக்கல் உண்டு. ரயில்கள் இந்த 23 நிலையங்களோடு நின்றுவிடுவதில்லை. மேற்கே நகானோவைத் தாண்டி ஜேஆர் நிறுவனத்தின் தடத்தில் மித்தாகா வரை போகும் ரயில்கள் உண்டு. கிழக்கே நிஷிபுனாபாஷியைத் தாண்டி வேறொரு நிறுவனத்தின் தடத்தில் தோயோ கட்சுதாடாய் வரையும், நெரிசல் நேரத்தில் சில ரயில்கள் ஜேஆர் தடத்தில் ட்சுதானுமா வரையும் போகும். எனவே அறிவிப்புப் பலகையில் அறிமுகமில்லாத பெயர் தெரிந்தால் தவறான தடத்துக்கு வந்துவிட்டதாக எண்ண வேண்டாம். அது ரயிலின் கடைசி ஊர், உங்கள் ஊர் வழியில் வரும். தடம் மாறி ஓடும்போது ஒவ்வொரு நிறுவனத்தின் கட்டணமும் தனித்தனியாகக் கூடும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

இரண்டாம் படி: டிக்கெட்டா, அட்டையா?

அட்டைதான். சுய்கா, பாஸ்மோ என்ற இரண்டில் எதை வாங்கினாலும் டோக்கியோவின் ரயில்களிலும் பெரும்பாலான பேருந்துகளிலும் செல்லுபடியாகும். சுய்கா 2001-இலும் பாஸ்மோ 2007-இலும் வந்தன. 2013 முதல் நாட்டின் 10 முக்கிய அட்டைகள் ஒன்றின் பகுதியில் மற்றொன்று செல்லும்படி இணைக்கப்பட்டுவிட்டன. அட்டைக்கு 500 யென் முன்பணம் பிடித்துக்கொள்வார்கள், திருப்பிக் கொடுக்கும்போது அது திரும்ப வரும். அதிகபட்சம் 20,000 யென் வரை ஏற்றி வைக்கலாம். நிலையத்து இயந்திரத்தில் அட்டைக்குப் பணம் ஏற்றப் பெரும்பாலும் ரொக்கம் தேவைப்படும் என்பதால், ஊரிலிருந்து கொண்டுவந்த கடன் அட்டையை மட்டும் நம்பிப் புறப்பட வேண்டாம். கைப்பேசியிலேயே இந்த அட்டைகளை வைத்துக்கொள்ளவும் வசதி உண்டு.

காகித டிக்கெட் வாங்க நேர்ந்தால், இயந்திரங்களுக்கு மேலே உள்ள பெரிய வரைபடத்தில் போக வேண்டிய நிலையத்தின் அருகே எழுதியிருக்கும் தொகையைப் பார்த்து, அந்தத் தொகைக்கு டிக்கெட் எடுக்க வேண்டும். டிக்கெட்டில் போகும் ஊரின் பெயர் இருக்காது, தொகை மட்டுமே இருக்கும். நிஷிகசாயிலிருந்து ஒதேமாச்சி 9 கிலோமீட்டர். 2023 மார்ச்சில் மாற்றியமைக்கப்பட்ட கட்டணப்படி, 7 முதல் 11 கிலோமீட்டர் வரையிலான பிரிவுக்குக் காகித டிக்கெட் 210 யென், அட்டையில் 209 யென். ஒரு யென்னுக்காக யாரும் அட்டை வாங்குவதில்லை. வரைபடத்தின் முன் நின்று தேடும் நேரம் மிச்சமாகிறதே, அதற்காகத்தான் வாங்குகிறார்கள். 6 வயதிலிருந்து தொடக்கப்பள்ளி முடியும் வரை குழந்தைகளுக்கு அரைக் கட்டணம். அதற்குக் கீழே உள்ள குழந்தைகள் இருவரைப் பெரியவர் ஒருவர் இலவசமாக அழைத்துப் போகலாம்.

எவ்வளவுக்கு டிக்கெட் எடுப்பது என்று தெரியாவிட்டால், இருப்பதிலேயே குறைந்த தொகைக்கு எடுத்துக்கொண்டு ஏறிவிடுங்கள். இறங்கும் நிலையத்தில், வாயிலுக்கு உள்பக்கத்திலேயே 'செய்சான்கி' என்ற இயந்திரம் இருக்கும். அதில் டிக்கெட்டைச் செலுத்தினால் பாக்கித் தொகையைக் காட்டும். கட்டியதும் வெளியேறுவதற்கான சீட்டைக் கொடுக்கும். அபராதம் இல்லை, விசாரணையும் இல்லை. அட்டையில் பணம் குறைந்துபோனாலும் அதே இயந்திரத்தில் ஏற்றிக்கொள்ளலாம்.

மூன்றாம் படி: வாயிலைக் கடத்தல்

ஜப்பானிய டிக்கெட் வாயில்களின் கதவுகள் பெரும்பாலும் திறந்தே இருக்கும். கட்டணம் சரியாக இருந்தால் அவை அசைவதே இல்லை, கோளாறு இருந்தால்தான் மூடிக்கொள்ளும். அதனால் நடப்பவர் வேகத்தைக் குறைக்காமலே அட்டையை வைத்து எடுத்துக்கொண்டு போய்விடுகிறார். புதிதாக வருபவர் கதவு திறக்கட்டும் என்று நிற்கும்போதுதான் பின்னால் வரிசை சேர்கிறது. அட்டையை வீசிக் காட்டாமல், ஒளிரும் தட்டின் மேல் ஒரு விநாடி பதிய வையுங்கள். காகித டிக்கெட்டை எந்தப் பக்கமாகச் செருகினாலும் உள்ளே இழுத்து மறுமுனையில் நீட்டும். அதை எடுத்துப் பத்திரமாக வைத்துக்கொள்வது முக்கியம், இறங்கும் இடத்தில் வேண்டும்.

கதவு மூடிக்கொண்டால் பதற வேண்டாம். ஓரத்தில் ஊழியர் அமர்ந்திருக்கும் அகலமான வாயில் ஒன்று இருக்கும். அங்கே அட்டையை நீட்டினால் அவர் தம் கருவியில் வைத்துப் பார்த்துச் சரிசெய்து கொடுப்பார். உள்ளே நுழைந்த நிலையத்திலேயே மனம் மாறி வெளியே வர முயன்றாலும் வாயில் தடுக்கும், அப்போதும் இதே ஊழியரிடம்தான் போக வேண்டும். மொழி தெரியாவிட்டாலும் அட்டையை இரு கைகளாலும் நீட்டி "சுமிமாசென்" (மன்னியுங்கள்) என்றால் போதும். மீதி விஷயத்தை அட்டைக்குள் பதிவாகியிருக்கும் கணக்கே அவருக்குச் சொல்லிவிடும்.

காகித டிக்கெட்டில், தோசாய் தடத்தை நடத்தும் டோக்கியோ மெட்ரோ நிறுவனத்தின் ஒரு தடத்திலிருந்து இன்னொரு தடத்துக்கு மாறும்போது, சில நிலையங்களில் ஒரு வாயிலைத் தாண்டி வெளியே வந்து வேறு வாயிலில் நுழைய வேண்டியிருக்கும். அங்கே ஆரஞ்சு நிறம் பூசிய வாயிலில்தான் டிக்கெட்டைச் செலுத்த வேண்டும். மற்ற வாயில்களில் போட்டால் பயணம் முடிந்ததாகக் கருதி இயந்திரம் டிக்கெட்டை விழுங்கிவிடும். மாறுவதற்கு 60 நிமிட அவகாசம் உண்டு.

நான்காம் படி: நடைமேடையைத் தேர்ந்தெடுத்தல்

நிஷிகசாயில் நடைமேடைகள் தண்டவாளத்தின் எதிரெதிர்ப் பக்கங்களில் இருப்பதால், எந்தத் திசைக்குப் போகிறோம் என்பதைப் படி ஏறுமுன்பே முடிவு செய்துவிட வேண்டும். மேலே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஏறி, தவறு என்று தெரிந்தால், மறுபடி இறங்கி எதிர்ப்பக்கம் ஏற வேண்டும். நகருக்குள் போக நகானோ, மித்தாகா என்ற பெயர்கள் உள்ள பக்கம். மறுதிசைக்கு நிஷிபுனாபாஷி என்ற பெயர் உள்ள பக்கம். அறிவிப்பில் ஊர்ப் பெயரை அடுத்து 'யுகி' என்று வந்தால் அந்த ஊருக்குப் போகும் ரயில் என்று பொருள்.

நடைமேடையில் ஓரத்துக்கு இணையாக மஞ்சள் நிறத்தில் புடைப்புகள் உள்ள ஓடுகள் ஓடும். பார்வையற்றோருக்கான இந்த ஓடு ஜப்பானில் உருவானது. முதன்முதலாக 1967 மார்ச் 18 அன்று ஒகாயாமா நகரில் ஒரு சாலையோரத்தில் பதித்தார்கள். ரயில் நடைமேடையில் பதிக்கும் ஓட்டைச் சற்றுக் குனிந்து பாருங்கள். புள்ளிப் புடைப்புகளுக்கு ஒரு பக்கத்தில் மட்டும் நீளமான கோடு ஒன்று புடைத்திருக்கும். அந்தக் கோடு இருக்கும் பக்கமே நடைமேடையின் உள்பக்கம், பாதுகாப்பான பக்கம். பாதத்தால் தடவியே எந்தப் பக்கம் தண்டவாளம் என்று தெரிந்துகொள்வதற்காகச் சேர்த்த கோடு அது. பார்வையுள்ள நமக்கு அலங்காரம்போல் தோன்றும் இந்தச் சிறிய கோட்டின் மேல் பெட்டியை வைத்துக்கொண்டு நிற்பது எவ்வளவு பெரிய தவறு என்பது இதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் எனக்கு உறைத்தது.

தரையில் பெட்டி எண்ணும் கதவு எண்ணும் எழுதியிருக்கும். அந்த இடத்தில்தான் கதவு வந்து நிற்கும், வரிசையும் அங்கேயே உருவாகும். தோசாய் தட ரயில்கள் எல்லாம் 10 பெட்டிகள் கொண்டவை. இறங்கும் நிலையத்தில் படிக்கட்டு எந்தப் பெட்டிக்கு எதிரே வரும் என்பதை ஒருமுறை பார்த்து வைத்துக்கொண்டால், தினமும் அந்தப் பெட்டியிலேயே ஏறி இரண்டு நிமிடம் மிச்சப்படுத்தலாம். நெடுநாள் பயணிகள் எல்லோரும் இதைத்தான் செய்கிறார்கள் என்பதால், படிக்கட்டுக்கு எதிரான பெட்டியில்தான் கூட்டமும் அதிகம்.

ஐந்தாம் படி: நெரிசல் நேரத்தில் ஏறுதல்

ஜப்பானில் ரயில் நெரிசலைச் சதவீதத்தில் சொல்வார்கள். அதற்கு அரசின் விளக்கமும் உண்டு. 100 என்றால் எல்லோரும் உட்கார்ந்தோ கைப்பிடியைப் பிடித்தோ இருக்கும் நிலை. 150-இல் செய்தித்தாளை விரித்துப் படிக்கலாம். 180-இல் மடித்துத்தான் படிக்க முடியும். 200-இல் உடலோடு உடல் அழுந்தும், ஆனாலும் வார இதழ் ஒன்றை எப்படியோ படித்துவிடலாம். 250-இல் ரயில் குலுங்கும்போது உடலும் சேர்ந்து சாயும், கையை அசைக்க முடியாது. செய்தித்தாளை வைத்து நெரிசலை அளந்த அந்த அதிகாரியை நான் மெச்சுகிறேன், இன்று பெட்டியில் செய்தித்தாள் விரிப்பவர் ஒருவரைக்கூடக் காண முடியாவிட்டாலும்.

2019-இல் இந்தத் தடத்தில் கிபாவுக்கும் மொன்சென்நகாச்சோவுக்கும் இடையே காலை உச்ச நேரத்தில் 199 சதவீதம் பதிவானது. டோக்கியோவிலேயே மிக அதிகம் அதுதான். பெருந்தொற்றுக் காலத்தில் 2020-இல் 123-ஆகக் குறைந்து, பிறகு மெல்ல ஏறி 150-ஐ ஒட்டி நிற்கிறது. உச்ச நேரத்தில் மணிக்கு 27 ரயில்கள் ஓடுகின்றன, அதாவது இரண்டேகால் நிமிடத்துக்கு ஒன்று. அதற்கு மேல் ரயில் விட வழியில்லாததால் கதவை அகலமாக்கினார்கள். சாதாரணப் பெட்டியின் கதவு 1.3 மீட்டர் என்றால், 2010-இல் வந்த 15000 வரிசைப் பெட்டிகளில் அது 1.8 மீட்டர். இரண்டு பேர் இறங்கும் இடத்தில் மூன்று பேர் இறங்கினால் நிறுத்தத்தில் சில விநாடிகள் மிச்சம், அந்த விநாடிகள்தான் பின்னால் வரும் ரயிலைக் காப்பாற்றுகின்றன.

ஏறும் முறைக்கு வருவோம். கதவு திறந்ததும் வரிசை இரண்டாகப் பிரிந்து இரு பக்கமும் ஒதுங்கும். நடுவில் இறங்குபவர்களுக்கு வழி. எல்லோரும் இறங்கிய பின்பே ஏற வேண்டும். முதுகுப்பையைக் கழற்றி மார்பின் முன்னே மாட்டிக்கொள்ளுங்கள். உள்ளே போனதும் கதவோரத்தில் நின்றுவிடாமல் இருக்கை வரிசைகளுக்கு நடுவே நகருங்கள். கதவருகே நிற்க நேர்ந்தால், ஒவ்வொரு நிறுத்தத்திலும் நீங்கள் முதலில் வெளியே இறங்கி, கதவுக்குப் பக்கவாட்டில் நின்று, மற்றவர்கள் இறங்கிய பின் மீண்டும் ஏறிக்கொள்ள வேண்டும். இறங்கினால் இடம் போய்விடும் என்று பயப்பட வேண்டாம். அப்படி இறங்கியவரை முதலில் ஏறவிடுவது இங்கே எழுதாத சட்டம்.

வார நாள் காலையில் நகருக்குள் போகும் ரயில்களில் ஒரு பெட்டி பெண்களுக்கென ஒதுக்கப்பட்டிருக்கும். நடைமேடைத் தரையில் இளஞ்சிவப்பு நிறத்தில் அதைக் குறித்திருப்பார்கள். சிறு குழந்தைகளும், மாற்றுத்திறனாளிகளும், அவர்களுக்குத் துணையாக வருபவரும் ஆணாக இருந்தாலும் அதில் ஏறலாம். கைப்பேசி ஒலியை அணைத்துவிடுவதும் பெட்டிக்குள் பேசாமல் இருப்பதும் பொது வழக்கம். தமிழில் மெதுவாகப் பேசினால்கூட அந்த அமைதியில் பெட்டி முழுக்கக் கேட்கும்.

ஆறாம் படி: வீடு திரும்பும்போது ரயிலின் வகையைப் பார்த்தல்

புதியவர்கள் தவறுவது இங்கேதான், ஆகவே சற்று விரிவாகச் சொல்கிறேன்.

தோசாய் தடத்தில் மூன்று வகை ரயில்கள் உண்டு. 'காகுஎகி தெய்ஷா' எல்லா நிலையத்திலும் நிற்கும் சாதாரண ரயில். 'காய்சோகு' விரைவு ரயில். இது நகானோவிலிருந்து தோயோச்சோ வரை எல்லா நிலையத்திலும் நின்றுவிட்டு, அதன் பிறகு மினாமிசுனாமாச்சி, நிஷிகசாய், கசாய் மூன்றையும் தாண்டி உராயாசுவில்தான் நிற்கும். அங்கிருந்து அடுத்த நிறுத்தம் நிஷிபுனாபாஷி. மூன்றாவது, வார நாள் காலையில் நகருக்குள் மட்டும் ஓடும் 'ட்சூகின் காய்சோகு'. இது நிஷிபுனாபாஷியிலிருந்து உராயாசு வரை நிற்காமல் வந்து, உராயாசுவிலிருந்து எல்லா நிலையத்திலும் நிற்கும். எனவே நிஷிகசாய்க்காரர்கள் இதில் தாராளமாக ஏறலாம்.

விரைவு ரயிலின் ஏமாற்று எங்கே இருக்கிறதென்றால், நகருக்குள் அது சாதாரண ரயிலைப் போலவே ஒவ்வொரு நிலையத்திலும் நிற்பதில்தான். நிஹோம்பாஷியில் நிற்கிறது, கயாபாச்சோவில் நிற்கிறது, கிபாவில் நிற்கிறது. எல்லா இடத்திலும் நிற்கும் ரயில்தானே என்று நாமும் நிம்மதியாகக் கண்ணை மூடிவிடுகிறோம். வந்த இரண்டாவது வாரத்தில், கையில் அரிசிப் பையோடு நான் அப்படித்தான் நின்றுகொண்டிருந்தேன். தோயோச்சோ தாண்டியதும் ரயில் சுரங்கத்திலிருந்து மேலேறியது, ஆற்றுப் பாலத்தில் வேகம் பிடித்தது, பாலம் முடிந்த பின்னும் அந்த வேகம் குறையவில்லை. எங்கள் நடைமேடை விளக்குகள் சன்னலுக்கு வெளியே ஒரே வெள்ளைக் கோடாக ஓடி மறைந்தன. வரிசையில் நின்றவர்களின் முகங்கள்கூடத் தெரியவில்லை. உராயாசுவில் இறங்கி, எதிர்த்திசைச் சாதாரண ரயிலுக்குக் காத்திருந்து, கசாயைத் தாண்டி வீடு வந்து சேர்ந்தேன்.

இதைத் தவிர்க்க வழி எளிது. நடைமேடையின் மின்னணுப் பலகையில் ஊர்ப் பெயருக்கு முன்னால் ரயிலின் வகை எழுதியிருக்கும். பலகை ஆங்கிலத்துக்கு மாறும்போது அதை வாசித்துக்கொள்ளுங்கள், ரயிலின் நெற்றியிலும் பெட்டிகளின் பக்கவாட்டிலும் அதுவே இருக்கும். காதுக்கு ஒரே சொல் போதும்: அறிவிப்பில் 'காய்சோகு' என்று கேட்டால், அதற்கு முன் 'ட்சூகின்' என்ற சொல் இல்லாவிட்டால், அதில் நேராக நிஷிகசாய் போக முடியாது. அதற்காக அந்த ரயிலை விட்டுவிடவும் வேண்டாம். அதில் ஏறித் தோயோச்சோவில் இறங்கி, அதே நடைமேடையில் பின்னால் வரும் சாதாரண ரயிலுக்கு மாறிக்கொள்ளலாம். பெரும்பாலும் நேரம் மிச்சமாகாது. கூட்டத்திலிருந்து சிறிது விடுதலை கிடைக்கும்.

'ட்சூகா' என்ற சொல்லையும் தெரிந்துகொள்ளுங்கள். நிஷிகசாய் நடைமேடையில் நிற்கும்போது இந்தச் சொல் அறிவிப்பில் வந்தால், வரும் ரயில் நிற்காமல் தாண்டிப் போகிறது என்று பொருள். மஞ்சள் ஓட்டுக்கு உள்ளே தள்ளி நில்லுங்கள். அடுத்த நிலையமான கசாயில் தாண்டிச் செல்வதற்கென்றே தனித் தண்டவாளங்கள் உண்டு. சாதாரண ரயில் அங்கே சில நிமிடம் நின்று விரைவு ரயிலுக்கு வழிவிடும். கதவைத் திறந்துவைத்துக்கொண்டு ரயில் சும்மா நிற்கிறதே என்று இறங்கிவிடாதீர்கள்.

ஏழாம் படி: ரயில் தாமதமானால்

ஜப்பானிய ரயில் தாமதமாவதே இல்லை என்று ஊரில் சொல்வார்கள். ஆகும். நெரிசல், உடல்நலக் குறைவு, சமிக்ஞைக் கோளாறு எல்லாம் இங்கேயும் உண்டு. தோசாய் தடத்துக்கு இவற்றோடு காற்றும் சேரும். மினாமிசுனாமாச்சிக்கும் நிஷிகசாய்க்கும் இடையே 2.7 கிலோமீட்டர், அதில் பெரும்பகுதி திறந்த ஆற்றுவெளி. 1978 பிப்ரவரி 28 இரவு இந்தப் பாலத்தின் மேல் சுழற்காற்று தாக்கி ரயில் பெட்டிகள் கவிழ்ந்தன, பலர் காயமடைந்தார்கள். எனவே தெருவில் பெரிதாகத் தெரியாத காற்றுக்கும் பாலத்தின் மேல் ரயில் மெதுவாகப் போகலாம், நின்றும் போகலாம்.

தாமதமானால் வாயில் ஊழியரிடம் 'சியென் ஷோமெய்ஷோ' என்ற தாமதச் சான்று கிடைக்கும். 5 நிமிடத்துக்கு மேற்பட்ட தாமதங்களுக்கு டோக்கியோ மெட்ரோவின் இணையதளத்திலும் வெளியிடுகிறார்கள். அலுவலகங்களும் பள்ளிகளும் இதை ஏற்றுக்கொள்கின்றன. ரயில் முழுவதுமாக நின்றுபோனால் 'புரிகாயே' என்ற ஏற்பாடு நடைமுறைக்கு வரும். அதாவது, வேறு நிறுவனங்களின் தடம் வழியாகக் கூடுதல் கட்டணமின்றிப் போய்ச் சேரலாம். இதில் பலருக்குத் தெரியாத நிபந்தனை ஒன்று இருக்கிறது: சீசன் டிக்கெட் வைத்திருப்பவருக்கும் காகித டிக்கெட் வாங்கியவருக்கும்தான் இந்தச் சலுகை. அட்டையில் ஏற்றிய பணத்தில் பயணம் செய்பவருக்குக் கிடையாது, அவர் மாற்றுத் தடத்துக்குத் தனியாகக் கட்டணம் கொடுக்க வேண்டும்.

முன்கூட்டியே அறிவித்து நிறுத்துவதும் உண்டு. மினாமிசுனாமாச்சி நிலையத்தை விரிவாக்கும் பணிக்காக 2024 மே 11, 12 இரு நாட்களும் தோயோச்சோவுக்கும் நிஷிகசாய்க்கும் இடையே ரயிலே ஓடவில்லை. இப்படிப்பட்ட அறிவிப்புகளை வாரக்கணக்கில் முன்பே நிலையத்தில் ஒட்டிவிடுவார்கள். புரியாத சுவரொட்டியில் தேதி மட்டும் பெரிதாகத் தெரிந்தால், படம் எடுத்துக்கொண்டு போய் யாரிடமாவது கேட்டுவிடுங்கள்.

எட்டாம் படி: சீசன் டிக்கெட்

'தெய்கி' என்று சொல்லப்படும் சீசன் டிக்கெட் 1, 3, 6 மாதங்களுக்குக் கிடைக்கும். மூன்று மாதத்துக்கு எடுத்தால் 5 சதவீதமும், ஆறு மாதத்துக்கு எடுத்தால் 10 சதவீதமும் குறைவு. பாஸ்மோ அட்டையிலேயே இதைப் பதிந்து தருவார்கள். நிஷிகசாய்க்கும் ஒதேமாச்சிக்கும் எடுத்தால், நடுவில் உள்ள எந்த நிலையத்திலும் எத்தனை முறை வேண்டுமானாலும் ஏறி இறங்கலாம், விடுமுறை நாளிலும்கூட. பெரும்பாலான நிறுவனங்கள் போக்குவரத்துச் செலவைத் தருகின்றன. ஆனால் எந்த வழியாகப் போகிறோம் என்று நிறுவனத்துக்கு எழுதிக் கொடுக்கிறோமோ அதே வழிக்குத்தான் எடுக்க வேண்டும். வீட்டை மாற்றும் எண்ணம் இருந்தால் ஆறு மாதத்துக்கு எடுக்காதீர்கள். இடையில் ரத்து செய்தால், பயன்படுத்திய மாதங்களைக் கழித்தே பணம் திரும்ப வரும்.

ஒன்பதாம் படி: பொருள் தொலைந்தால், விபத்து நேர்ந்தால்

பெட்டியில் குடையையோ பையையோ மறந்துவிட்டால், ஏறிய நேரம், இறங்கிய நேரம், பெட்டி எண் மூன்றையும் வாயில் ஊழியரிடம் சொல்லுங்கள். சில நாட்களுக்குப் பிறகு பொருள் காவல்துறைக்குப் போய்விடும். சட்டப்படி அங்கே 3 மாதம் வைத்திருப்பார்கள்.

கைப்பேசியோ செருப்போ தண்டவாளத்தில் விழுந்தால் இறங்கி எடுக்க நினைக்கவே வேண்டாம். ஊழியரை அழைத்தால் நீண்ட கோல் ஒன்றைக் கொண்டுவந்து எடுத்துக் கொடுப்பார். மனிதர் விழுந்துவிட்டாலும் குதிக்காதீர்கள், தூண்களில் உள்ள அவசரப் பொத்தானை அழுத்துங்கள். வருகிற ரயிலுக்கு எச்சரிக்கை போய்விடும். 2001 ஜனவரி 26 அன்று ஷின்ஓகுபோ நிலையத்தில், தண்டவாளத்தில் விழுந்தவரைக் காப்பாற்றக் குதித்த தென்கொரிய மாணவர் ஒருவரும் ஜப்பானியப் புகைப்படக் கலைஞர் ஒருவரும், விழுந்தவரோடு சேர்ந்து உயிரிழந்தார்கள். நடைமேடைப் பாதுகாப்பு குறித்து நாடே பேசத் தொடங்கியது அதன் பிறகுதான்.

பத்தாம் படி: நிலையத்துக்கு வெளியே

வடக்கு வாயில் 'கிதாகுசி', தெற்கு வாயில் 'மினாமிகுசி'. யாரையாவது சந்திப்பதாக இருந்தால் நிலையத்தின் பெயரை மட்டும் சொல்லாமல் வாயிலையும் சேர்த்துச் சொல்லுங்கள். மிதிவண்டியில் நிலையத்துக்கு வருபவர்கள் கட்டண நிறுத்தத்தில்தான் விட வேண்டும். நடைபாதையில் விட்டால் வட்ட நிர்வாகம் அள்ளிக்கொண்டு போய், மீட்கக் கட்டணம் கேட்கும். மிதிவண்டி இங்கே எவ்வளவு பெரிய விஷயம் என்று பார்க்க விரும்பினால் கசாய் நிலையத்துக்குப் போங்கள். அங்கே நிலத்தடியில் ஏறத்தாழ 9,400 வண்டிகள் நிறுத்துமிடம் இருக்கிறது. வண்டியைத் தட்டில் வைத்து அட்டையைக் காட்டினால் இயந்திரம் தானே கீழே இழுத்துக்கொள்ளும். அதே நிலையத்தின் மேம்பாலத்துக்கு அடியில் சுரங்க ரயில் அருங்காட்சியகமும் உண்டு. 1927-இல் ஜப்பானில் ஓடிய முதல் சுரங்க ரயிலின் மஞ்சள் நிறப் பெட்டியை அங்கே பார்க்கலாம். குழந்தைகளுடன் இருப்பவர்களுக்கு மழைக்கால ஞாயிறு ஒன்று கழிந்துவிடும்.

பதினோராம் படி: கடைசி ரயில்

டோக்கியோவில் ரயில்கள் இரவு முழுவதும் ஓடுவதில்லை. விடியற்காலை 5 மணியை ஒட்டித் தொடங்கி நள்ளிரவுக்குச் சற்றுப் பின் முடிந்துவிடும். நடைமேடையில் ஒட்டியிருக்கும் கால அட்டவணையில், இடது ஓரத்தில் மேலிருந்து கீழாக மணி, அதற்கு நேரே வலப்புறமாக நிமிடங்கள். வார நாளுக்கு ஒன்று, சனி, ஞாயிறு மற்றும் விடுமுறைக்கு ஒன்று என இரண்டு அட்டவணைகள் இருக்கும். நள்ளிரவுக்குப் பிந்தைய ரயில்கள் மறுநாளின் உச்சியில் இல்லாமல், முந்தைய நாளின் அடிவரிசையில் 0 என்ற எண்ணுக்கு நேரே இருக்கும். வெள்ளிக்கிழமை நள்ளிரவு தாண்டி ஏறுபவர் பார்க்க வேண்டியது வார நாள் அட்டவணையின் அந்த அடிவரிசை. சனிக்கிழமையின் பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றால் நேரம் தவறாகிவிடும்.

அந்த வரிசையின் கடைசியில் உள்ள ரயில் உங்கள் நிலையத்தைத் தாண்டிப் போகிறதா, நடுவிலேயே முடிந்துவிடுகிறதா என்றும் பாருங்கள். எண்ணின் தலையில் சிறிதாக எழுதியிருக்கும் ஓரெழுத்துக் குறி எந்த ஊரைச் சுட்டுகிறது என்பதற்கான விளக்கம் அட்டவணையின் அடியிலேயே இருக்கும். தோயோச்சோவோடு முடியும் ரயிலில் ஏறி இறக்கிவிடப்பட்டால், எதிரே இருப்பது அரகவா ஆறு. நடந்து கடக்கலாம் என்று தோன்றும். பாலம் மட்டுமே ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளம் என்பதால், அந்த நேரத்தில் டாக்சி பிடிப்பதுதான் நல்லது. இரவில் டாக்சிக் கட்டணம் பகலைவிடக் கூடுதல்.